சக தொழில்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்பாளர்களுக்காக நடந்த ஒரு பயிலரங்கின் முடிவில், எட்டுப் பேர் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் தனியாளாகத் தொழில் செய்பவர்கள். எங்களில் மூத்தவர் ஒருவர் தம் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கோடுகள் இழுத்து, பெயர், சொல்லுக்கு எவ்வளவு, பக்கத்துக்கு எவ்வளவு, அவசர வேலைக்குக் கூடுதலாக எவ்வளவு என்று தலைப்பிட்டு, தம்முடைய கட்டணத்தை முதலில் எழுதி அடுத்தவரிடம் நீட்டினார். தாள் என் கைக்கு வந்தபோது ஐந்து வரிசைகள் நிரம்பியிருந்தன. எல்லோரையும்விடக் குறைவாக வாங்குபவன் நான்தான் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நான்காவது வரிசைக்காரர் தாம் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, தமக்கு மேலே இருந்த எண்ணையே மறுபடி எழுதியிருந்தார். நானும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தேன்: அதுவரை வாங்கிக்கொண்டிருந்த கட்டணத்தை எழுதாமல், இனி வாங்கப்போகும் கட்டணத்தை எழுதினேன். தாள் சுற்றி முடிந்ததும் மூத்தவர் அதைப் படித்துக் காட்டி, "இனி இதற்குக் கீழே யாரும் போகாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது" என்றார். எட்டுப் பேரும் தலையாட்டினோம்.

அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அன்று அது ஒற்றுமையாகவும், சொல்லப்போனால் தைரியமாகவும் எனக்குத் தோன்றியது. நாட்டுக்கு நாடு தண்டனை வேறுபட்டாலும், போட்டிச் சட்டம் உள்ள ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் அதற்குப் பெயர் விலைக் கூட்டு என்பதும், சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கும் செயல்களில் அதுவும் ஒன்று என்பதும் எனக்குத் தெரிய வர நான்கு ஆண்டுகள் ஆயின.

முதலில் எங்கள் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யில்லை. சிறு தொழில் செய்பவருக்குத் தன் விலை சரியா தவறா என்று சொல்ல யாரும் கிடையாது. பெரிய நிறுவனத்தில் அதைக் கணக்கிடுவதற்கென்றே ஒரு துறை இருக்கும். இவரோ இரவில் தனியாக உட்கார்ந்து விலைப்புள்ளி தயாரிக்க வேண்டும். அனுப்பிய பிறகு பதில் வராவிட்டால், அதிகம் கேட்டுவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். உடனே "சரி" என்று பதில் வந்துவிட்டால், குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்று இன்னும் அதிகமாக அடித்துக்கொள்ளும். இதற்கிடையே "உங்களைவிடப் பாதி விலைக்கு ஒருவர் செய்து தருகிறார்" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது, அந்த முகம் தெரியாத ஒருவர் மீது வரும் கோபம் சாதாரணமானதில்லை. தொழிலைக் கெடுக்கிறார்கள், சந்தையைக் கெடுக்கிறார்கள் என்று எல்லாத் தொழில்களிலும் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சிலிருந்து "அப்படியானால் நாமெல்லாம் சேர்ந்து ஒரு விலை வைத்துக்கொள்வோமே" என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தூரம்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் சட்டம் நிற்கிறது. அமெரிக்காவின் ஷெர்மன் சட்டம் 1890-ஆம் ஆண்டிலேயே வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களையும் கூட்டுகளையும் குற்றமாக்கியது. இன்று அதன்படி தனிநபருக்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் 101-ஆம் பிரிவு அதே வேலையைச் செய்கிறது. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், போட்டியாளர்கள் விலையை நேராகவோ மறைமுகமாகவோ நிர்ணயித்தால் அது போட்டிக்குக் கேடு விளைவித்ததாகவே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை சேர்ந்து செயல்பட்டவர்கள் தலையில் விழும். அந்தச் சட்டத்தில் "உடன்பாடு" என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் பொருளை ஒவ்வொரு சிறு தொழில்காரரும் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: எழுத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முறைப்படி செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உடன்பாடுதான். எங்கள் தாளுக்குக் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. அதற்கு அவை தேவைப்படவும் இல்லை.

"நாங்கள் நியாயமான விலையைத்தானே வைத்தோம்" என்ற பதில் எல்லோருக்கும் உடனே வரும். எனக்கும் வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-ஆம் ஆண்டிலேயே, குளியலறைப் பீங்கான் சாதனங்கள் தயாரித்தவர்களின் வழக்கில், அந்தப் பதிலை ஏற்க மறுத்துவிட்டது. இன்று நியாயமாக இருக்கும் விலை, செலவும் சந்தையும் மாறும்போது நாளை அநியாயமாகிவிடும். அப்போது அதைக் கீழே இழுக்கப் போட்டி இருக்காது என்பது அந்தத் தீர்ப்பின் காரணம். யோசித்துப் பார்த்தால் இது சட்டக்காரர்களுக்கு மட்டும் உரிய வாதம் இல்லை. நாங்கள் தாளில் எழுதியது அன்றைய நிலவரம். அதற்கு அடுத்த ஆண்டே மென்பொருள் மாறி, ஒரு நாளில் முடிக்கக்கூடிய சொற்களின் எண்ணிக்கை உயர்ந்தது. அதன் பயனில் ஒரு பங்காவது வாடிக்கையாளருக்குப் போயிருக்க வேண்டும். தாளில் இருந்த எண் மட்டும் மாறவில்லை.

அடுத்ததாக வருவது, "நாங்கள் சிறியவர்கள், எங்களை யார் கேட்கப்போகிறார்கள்" என்ற நம்பிக்கை. இதை விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கையால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மலேசியாவில் போட்டி ஆணையம் அமைந்த பிறகு, சட்டமீறல் நடந்ததாக அது முதன்முதலில் முடிவு சொன்னது எண்ணெய் நிறுவனத்தின் மீதோ வங்கியின் மீதோ அன்று. கேமரன் மலையில் பூ வளர்ப்பவர்களின் சங்கம் 2012-ஆம் ஆண்டில் பூக்களின் விலையை 10 சதவீதம் உயர்த்துவதென்று முடிவு செய்தது. ஆணையம் அதைத் தடுத்து, இனிச் செய்யமாட்டோம் என்று உறுதிமொழி வாங்கியது. அதே நாட்டில் 2015-ஆம் ஆண்டில் 24 பனிக்கட்டித் தயாரிப்பாளர்கள், ஒரே நாளில் சேர்ந்து விலையை உயர்த்தியதற்காக மொத்தம் 2,52,250 ரிங்கிட் அபராதத்துக்கு உள்ளானார்கள். பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறு நிறுவனங்களுக்கு ஒரு சலுகையே உண்டு: கூட்டு விற்றுமுதல் இரண்டு கோடி பவுண்டுக்கு மிகாதவர்களிடையே நடக்கும் சிறு ஒப்பந்தங்களுக்கு அபராதம் கிடையாது. ஆனால் விலை நிர்ணய ஒப்பந்தங்களை அந்தச் சலுகையிலிருந்து பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறார்கள். சிறியவர்களுக்கு இரக்கம் காட்ட நினைத்த சட்டமும் இந்த ஓரிடத்தில் கையை மூடிக்கொண்டது.

எங்கள் தொழிலுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கே இது நடந்திருக்கிறது. மாநாடுகளில் வாய்மொழி மொழிபெயர்ப்புச் செய்பவர்களின் சர்வதேசச் சங்கம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1997-ஆம் ஆண்டில் அந்தக் கட்டண விதிகள் சட்டவிரோதம் என்று முடிவு சொன்னது. அதைப் படித்த அன்றுதான் எங்கள் தாள் என் நினைவுக்கு வந்தது; கை நடுங்கியது என்று சொன்னால் மிகை இல்லை.

இன்னொரு வழக்கு, என்ன சொன்னோம் என்பதைவிட என்ன சொல்லாமல் இருந்தோம் என்பது பற்றியது. லிதுவேனியாவில் பல பயண முகவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்ய ஒரே மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். 2009-ஆம் ஆண்டில் அந்த மென்பொருளை நடத்தியவர், இணையவழித் தள்ளுபடி இனி 3 சதவீதத்துக்கு மேல் போகாது என்று கணினியின் உள்ளஞ்சல் வழியாக எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார். முகவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் சொன்னது இதுதான்: செய்தியை அறிந்திருந்தும் வெளிப்படையாக விலகி நிற்காத முகவர், அந்தக் கூட்டில் பங்கெடுத்ததாக அனுமானிக்க இடமுண்டு, எதிர்ப்பைத் தெரிவித்தோ அதிகாரிகளிடம் சொல்லியோ, அல்லது 3 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுத்துக்கொண்டே இருந்ததைக் காட்டியோ அவர் அந்த அனுமானத்தை உடைக்கலாம். ஒரே ஒரு கூட்டத்தில் ஒரே ஒருமுறை தகவல் பரிமாறிக்கொண்டதுகூடப் போதுமானதாக இருக்கலாம் என்று அதே நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் கைபேசி நிறுவனங்கள் தொடர்பான வழக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆக, எட்டுப் பேரில் ஒருவர் வாயே திறக்காமல் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்திருந்தாலும், அவர் தப்பித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. பார்த்த எண் மனத்தில் பதிந்துவிட்டது. அடுத்த விலைப்புள்ளியை அதை மறந்துவிட்டு அவரால் எழுத முடியாது.

இங்கேதான் விஷயத்தின் உயிர் இருப்பதாக நினைக்கிறேன். போட்டியாளர் நாளைக்கு என்ன விலை சொல்வார் என்று தெரியாமல் இருப்பதுதான் என்னை ஒழுங்காக வேலை செய்ய வைக்கிறது. அந்தத் தெரியாமைதான் வாடிக்கையாளருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. விலையைச் சேர்ந்து முடிவு செய்யாமல், விலைத் தகவலை மட்டும் பரிமாறிக்கொண்டதற்காகவும் தண்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் இரண்டு படகுச் சேவை நிறுவனங்கள், நிறுவன வாடிக்கையாளர்களுக்கும் பயண முகவர்களுக்கும் தாங்கள் கொடுத்த விலைகளை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டதற்காக 2012-ஆம் ஆண்டில் அபராதம் கட்டின. விலைக் கூட்டுக்கு அழைப்பு விடுத்தாலே போதும் என்பதற்கும் உதாரணம் உண்டு: பட்டைக்குறி (பார்கோடு) எண்களை இணையத்தில் விற்ற சிறு விற்பனையாளர்கள், எல்லோரும் விலையை ஒரே அளவுக்கு உயர்த்தலாம் என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டதற்காக 2014-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளானார்கள். உடன்பாடு எட்டப்பட்டதா என்ற கேள்விக்கே ஆணையம் போகவில்லை.

மனிதர்கள் பேசிக்கொள்ளாமல் மென்பொருள் பேசிக்கொண்டாலும் நிலைமை மாறாது. அமேசானில் சுவரொட்டிகளும் சட்டகங்களும் விற்ற இரண்டு பிரிட்டிஷ் விற்பனையாளர்கள், ஒருவரைவிட ஒருவர் விலை குறைப்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டு, தானாக விலை மாற்றும் மென்பொருளை அதற்கேற்ப அமைத்தார்கள். ஒருவர் முதலில் போய் உண்மையைச் சொல்லித் தப்பினார். மற்ற நிறுவனத்துக்கு 2016-ஆம் ஆண்டில் 1,63,371 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அதன் நிர்வாக இயக்குநர் ஐந்தாண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்க முடியாமல் போனது. முதலில் சொன்னவருக்கு மன்னிப்பு என்ற ஏற்பாடு இன்று பல நாடுகளில் இருக்கிறது. தலையாட்டிய எட்டுப் பேரில் யாராவது ஒருவர் என்றைக்காவது மனம் மாறலாம் என்பதை மற்ற ஏழு பேரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் என் மனத்தை மாற்றியது அபராதப் பயம் இல்லை. வீடு வாங்கப்போன ஒரு தம்பதியின் கதைதான் மாற்றியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டில் கோல்ட்ஃபார்ப் தம்பதியினர் ஒரு வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். கடன் கிடைக்க வேண்டுமானால் வீட்டின் உரிமைப் பத்திரங்களை ஒரு வழக்கறிஞர் ஆராய்ந்து தர வேண்டும். முதலில் அணுகிய வழக்கறிஞர், உள்ளூர் வழக்கறிஞர் சங்கத்தின் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலில் இருந்த தொகையைச் சொன்னார். அதிகமாகத் தோன்றவே, அவர்கள் வேறு 36 வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 19 பேர் பதில் எழுதினார்கள். பட்டியலில் உள்ளதைவிடக் குறைத்து வாங்குவதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த 36 கடிதங்களையும் நான் மனக்கண்ணில் பார்க்கிறேன்: உறையில் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுவிட்டு, யாராவது ஒருவர் வேறு எண்ணைச் சொல்லமாட்டாரா என்று காத்திருப்பது. எங்கள் தாளுக்குப் பிறகு எங்கள் எட்டுப் பேரிடமும் தனித்தனியாக விலை கேட்ட வாடிக்கையாளர் யாரேனும் இருந்திருந்தால், அவருக்கும் இதுவேதான் நடந்திருக்கும். சான்றிதழ் மொழிபெயர்க்க வந்த மாணவராக இருந்திருக்கலாம். மருத்துவ அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தவராக இருந்திருக்கலாம். அவர் எட்டுக் கதவுகளைத் தட்டியதாக நினைத்திருப்பார். உண்மையில் அது ஒரே கதவு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-ஆம் ஆண்டில் அந்தக் கட்டணப் பட்டியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கற்றறிந்தவர்களின் தொழில் என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை என்றும் சொன்னது.

எல்லா வழக்குகளும் எனக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. வாஷிங்டன் நகரில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக, அரசு தரும் மணிக்கணக்குக் கட்டணத்தில் வாதாடிய சுமார் 100 வழக்கறிஞர்கள், அந்தக் கட்டணம் போதவில்லை என்று 1983-ஆம் ஆண்டில் சேர்ந்து புதிய வழக்குகளை ஏற்க மறுத்தார்கள். நகர நிர்வாகம் விரைவிலேயே கட்டணத்தை உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் 1990-ஆம் ஆண்டில் அதுவும் விலைக் கூட்டுதான் என்று சொல்லிவிட்டது. சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், விலையைத் தானே முடிவு செய்யும் ஒரே ஒரு வாங்குபவர் எதிரே நிற்கும்போது, தனித்தனியாக நிற்கும் நூறு பேரிடம் "நீங்கள் சேர்ந்து பேசக் கூடாது" என்று சொல்வது எனக்கு முழுச் சம்மதமாக இல்லை. ஆஸ்திரேலியா இந்த இடத்தில் நல்ல வழி கண்டிருக்கிறது என்பது என் கருத்து. ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் குறைவாக உள்ள சிறு தொழில்கள், ஒரு படிவத்தை அளித்துவிட்டு, தங்கள் வாடிக்கையாளரோடோ வழங்குநரோடோ சேர்ந்து பேரம் பேசலாம் என்று 2021 ஜூன் முதல் அங்கே பொது விலக்கு இருக்கிறது. எதிராளி யார் என்று தெரியும். பேச்சு அவர் முகத்துக்கு நேரே நடக்கிறது. எங்கள் தாளைப் பற்றி எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அப்படியானால் சக தொழில்காரர்களிடம் எதைத்தான் பேசுவது என்று கேட்பவர்களுக்கு: நிறையவே பேசலாம். வேலையின் நுணுக்கம், கருவிகள், பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரோடு ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது, வரி, அரசிடம் கேட்க வேண்டிய சட்டத் திருத்தம் ஆகியவை பொதுவாகச் சிக்கல் இல்லாதவை. ஒருவர் தம் வேலையில் ஒரு பகுதியை உண்மையாகவே இன்னொருவரிடம் கொடுத்துச் செய்துவாங்கும்போது அந்த வேலைக்கான விலையைப் பேசித்தான் ஆக வேண்டும். அங்கே அவர்கள் வாங்குபவரும் விற்பவரும். எல்லோரும் பார்க்கும்படி ஒருவர் வெளியிட்ட விலைப்பட்டியலைப் போய்ப் பார்ப்பதிலும் தவறில்லை. கட்டணக் கணக்கெடுப்புகளில்தான் கவனம் தேவை. மூன்றாம் தரப்பு நடத்தியது, மூன்று மாதத்துக்கு மேல் பழைய தரவு, குறைந்தது ஐந்து பேர், எவருடைய எண் எது என்று பிரித்தறிய முடியாத தொகுப்பு என்று அமெரிக்க அமைப்புகள் 1990-களில் மருத்துவத் துறைக்காக வகுத்த அளவுகோலை மற்றத் துறையினரும் நீண்ட காலம் நம்பியிருந்தார்கள். 2023-ஆம் ஆண்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய தரவிலிருந்தும் கணினி இன்றைய விலையைக் கணித்துவிடும் காலம் இது. ஆகவே "சராசரிதானே" என்ற சமாதானத்தை நானும் விட்டுவிட்டேன். சந்தேகம் இருந்தால் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பேச்சு விலைக்குத் திரும்பும்போது என்ன செய்வது என்பதை, 1982-ஆம் ஆண்டில் நடந்த ஒரு தொலைபேசி உரையாடலிலிருந்து கற்றுக்கொண்டேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல், பிரானிஃப் விமான நிறுவனத் தலைவர் ஹோவர்ட் புட்னமிடம், கட்டணத்தை 20 சதவீதம் உயர்த்துங்கள், மறுநாள் காலையே நானும் உயர்த்துகிறேன் என்றார். புட்னமின் பதில் மிகச் சுருக்கமானது: விலையைப் பற்றி நாம் பேசக் கூடாது. அந்த உரையாடல் பதிவாகி, கிராண்டல் மீது அரசு வழக்குத் தொடுக்கும் அளவுக்குப் போனது. கூட்டத்தில் இதைச் சொல்வது முதல்முறை கடினமாகத்தான் இருக்கும். நான் முதல்முறை சொன்னபோது குரல் கம்மியது. பழகியவர்கள் முன்னால் நல்லவன் வேடம் போடுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். "இந்தப் பேச்சில் நான் இல்லை, விலையைப் பேசுவதானால் நான் கிளம்புகிறேன்" என்று எழுந்தேன். இருவர் என்னோடு வெளியே வந்தார்கள். அன்று இரவே தேதி போட்டு, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

சென்ற மாதம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தார். "சார், சொல்லுக்கு எவ்வளவு வாங்கலாம்? நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று நேரடியாகவே கேட்டார். நான் சொல்லக் கூடாது என்றும், ஏன் சொல்லக் கூடாது என்றும் விளக்கினேன். ஏமாற்றம் குரலில் தெரிந்தது. பிறகு ஒரு காகிதம் எடுக்கச் சொன்னேன். ஒரு நாளில் எத்தனை சொற்கள் கவனம் சிதறாமல் செய்ய முடிகிறது, திருத்த எவ்வளவு நேரம் போகிறது, மாதத்தில் எத்தனை நாள் வேலை இல்லாமல் இருக்கிறது, மென்பொருளுக்கும் அகராதிகளுக்கும் மின்சாரத்துக்கும் என்ன செலவு, எத்தனை வாடிக்கையாளர் பணம் தரத் தாமதிக்கிறார்கள், நோய்வாய்ப்பட்டால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும், வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்டதற்கெல்லாம் அவர் எழுதிக்கொண்டார். சிலவற்றை இதுவரை யோசித்ததே இல்லை என்றார். திருத்தும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தபோது மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் கூட்டிக் கழித்து வகுத்துப் பார்த்துவிட்டு, "ஓர் எண் வந்திருக்கிறது சார்" என்றார். நல்லது, அதை அந்தக் காகிதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் சொல்லவில்லை.